மேல் கட்டில் விரிப்பை எப்படிச் சரிசெய்ய வைப்பது?

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீடு. கோரைப்பாயில் படுத்தவரை பிள்ளைகள் இருவரும் எழுந்ததும் தாங்களே சுருட்டி மூலையில் சாத்திவிடுவார்கள். அடுக்குக் கட்டில் வந்த பிறகுதான் தலைவலி.

கீழே படுக்கும் சின்னவள் போர்வையை மடித்துத் தலையணைமேல் வைத்துவிடுகிறாள். கோணல்மாணல்தான், இருந்தாலும் நான் திருத்துவதில்லை. திருத்தினால் மறுநாள் தொடமாட்டாள்.

மேலேதான் சிக்கல். ஆறு வயது ஆகாத பிள்ளையை மேல் கட்டிலில் படுக்கவைக்கக் கூடாது என்பதால் அது பெரியவன் இடம். விரிப்பின் மேலேயே மண்டியிட்டுக்கொண்டு அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகப் பார்க்கிறான். ஒரு மூலையைச் செருகினால் இன்னொன்று உருவிக்கொள்கிறது. சுவர்ப்பக்கம் கையே நுழையவில்லை. ஏணியில் நின்று செய்யச் சொல்ல எனக்குப் பயம். போதாக்குறைக்குக் கொசுவலை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதைக் கழற்றவும் முடியாது.

நான்கு மூலையும் எலாஸ்டிக் வைத்த விரிப்பை இந்த ஒடுக்கமான மெத்தை அளவுக்குக் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ தைத்துத் தருவார்களா? இல்லை, மேலே விரிப்பை விட்டுவிட்டுப் போர்வையை மட்டும் மடிக்கச் சொன்னால் போதுமா? சாக்லேட் ஆசை காட்டும் யோசனை மட்டும் வேண்டாம். அடுக்குக் கட்டில் வைத்திருப்பவர்கள், உங்கள் வீட்டில் எப்படி என்று சொல்லுங்களேன்.