மைனஸ் 18-ல் வாத்துக்குக் கால் குளிராதா?

ஸ்காபரோவாசி:
நேற்றுக் காலை மகளோடு ரொறன்ரோ ஏரிக்கரையில் இருக்கும் ப்ளஃபர்ஸ் பார்க் போயிருந்தேன். மைனஸ் 18. ஒரு படம் எடுக்கக் கையுறையைக் கழற்றியதற்கே விரல் விறைத்துவிட்டது. படகு கட்டும் இடத்தில் உறையாமல் கிடந்த துண்டுத் தண்ணீரில் முப்பது நாற்பது மல்லார்ட் வாத்துகள். சில, கரைப் பனிக்கட்டியில் வெறுங்காலோடு நின்றன. பச்சைத் தலை ஆண் ஒன்று ஒற்றைக் காலில், அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு நல்ல தூக்கம். "அதுக்குக் கால் குளிராதா அப்பா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த முறை பாண் (பிரெட்) கொண்டுபோய்ப் போடவேண்டுமாம். போடலாமா?

கரையோரன்:
அண்ணா, குளிராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கால் சில்லென்றுதான் இருக்கும், சூட்சுமமே அதுதான். வாத்தின் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல். அதே சூட்டோடு இரத்தம் பாதத்துக்கு இறங்கினால் பனிக்கட்டி அத்தனையையும் உறிஞ்சிவிடும். ஆனால் காலில் இறங்கும் குழாயும் ஏறும் குழாயும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. இறங்குகிற இரத்தம் தன் சூட்டை, ஏறிவருகிற குளிர்ந்த இரத்தத்துக்கு வழியிலேயே கொடுத்துவிடும். பாதத்துக்குப் போய்ச் சேரும் சூடு உறையாமல் இருக்கப் போதும், அவ்வளவுதான். பாதமும் பனிக்கட்டியும் ஏறக்குறைய ஒரே குளிரில் இருந்தால் பறிபோக என்ன இருக்கிறது? அங்கே சதையும் அதிகமில்லை, எலும்பும் தசைநாணும்தான். ஒற்றைக் கால், செருகிய அலகு எல்லாம் இறகில்லாத இடத்தை மறைக்கிற வேலை. ரொம்ப மோசமானால் காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிடும்.

மிதக்கிறதைப் பார்த்து நமக்குத்தான் நடுக்கம். ஏரித் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, வெளியே மைனஸ் 18. தவிர, தண்ணீர் அதன் தோலைத் தொடுவதே இல்லை. வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அதில் அலகைத் தேய்த்துத் தேய்த்து இறகில் பூசிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அதற்கடியில் பஞ்சுபோலத் தூவி.

வாத்து பயப்படவேண்டியது பட்டினிக்கு. 2014 குளிர்காலத்தில் இங்குள்ள பேரேரிகளை (கிரேட் லேக்ஸ்) 90 சதவீதத்துக்கு மேல் பனி மூடியது. மூழ்கி இரை தேடும் வாத்துகள் நயாகரா ஆற்றுப் பக்கம் எலும்பும் தோலுமாகச் செத்துக் கிடந்தன.

சுக்குக்காப்பி:
அப்படியென்றாலும் பாண் வேண்டாம் தம்பி. வயிறு நிறையும், சத்து ஏறாது. மிச்சம் தண்ணீரில் ஊறி நாறும். ரொறன்ரோ பார்க்குகளில் தீனி போடத் தடையும் இருக்கிறது. பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் ஒரு பைனாகுலர் வாங்கிக்கொடுங்கள்.

ஸ்காபரோவாசி:
நன்றி அக்கா, கரையோரன். இன்று வெறுங்கையோடு போனோம். காற்று நேற்றையதைவிட மோசம். பச்சைத் தலையார் அதே இடத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அப்படியே தணிந்து உட்கார்ந்தார், இரண்டு காலும் இறகுக்குள் போய்விட்டன. "சொக்ஸ் போட்டுட்டுது அப்பா" என்றாள்.