சித்தப்பாவின் கட்டுரைகள்: ஸ்கோபஸில் ஒரு எண், கூகுள் ஸ்காலரில் வேறு எண். எதை எழுதுவது?

பாலக்கோடு மாணவி:
வணக்கம். நூலக அறிவியல் முதுகலை படிக்கிறேன். என் சித்தப்பா ரத்தநாள அறுவை மருத்துவர். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் விரல் கறுத்துப்போவதைப் பற்றித்தான் அவர் எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல். பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறார். கட்டுரைப் பட்டியலையும், பிறர் தங்கள் கட்டுரைகளில் அவற்றைச் சுட்டிய மேற்கோள் எண்ணிக்கையையும் என்னைத் தொகுக்கச் சொன்னார்.

ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணிக் காட்டும் இரண்டு தளங்களில் பார்த்தேன். கூகுள் ஸ்காலரில் 290 மேற்கோள், எச்-இண்டெக்ஸ் 11. ஸ்கோபஸில் அவருக்கு இரண்டு பக்கங்கள் இருக்கின்றன: ஒன்றில் 9 கட்டுரை, எச் 5, மற்றதில் 5 கட்டுரை, எச் 3. கூட்டி 8 என்று போடலாமா? ஸ்காலர் கணக்கைத் தொடங்கும்போது அது காட்டிய கட்டுரைகளை எல்லாம் நான் மொத்தமாகச் சேர்த்துவிட்டேன். இப்போது பார்த்தால் வேறொருவர் எழுதிய, மல்பெரி இலை நோய் பற்றிய கட்டுரையும் அதில் இருக்கிறது!

ஓசூர் நூலகர்:
கூட்டக் கூடாதும்மா. எச் 5 என்றால், குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் ஐந்து இருக்கின்றன என்று பொருள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. இரண்டு பக்கத்துக் கட்டுரைகளையும் ஒரே வரிசையில் வைத்து முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒவ்வொன்றின் மேற்கோளையும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.

பாலக்கோடு மாணவி:
முதல் பக்கம்: 31, 18, 12, 9, 6, 4, 2, 1, 0.
இரண்டாவது: 14, 7, 7, 2, 0.

ஓசூர் நூலகர்:
வரிசைப்படுத்தினால் 31, 18, 14, 12, 9, 7, 7, 6... ஏழாவது கட்டுரைக்கு 7 இருக்கிறது. எட்டாவதற்கு 6தான். ஆக எச் 7, மொத்த மேற்கோள் 113.

பக்கம் இரண்டானதற்குப் பெயர்தான் காரணமாக இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு கட்டுரையில் இனிஷியல் போட்டிருப்பார், இன்னொன்றில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார். கணினிக்கு அது இரண்டு ஆள். ஸ்கோபஸிலேயே ஆசிரியர் பக்கங்களை இணைக்கக் கோரும் வசதி உண்டு, கட்டணம் இல்லை. சித்தப்பாவின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள்.

ஸ்காலரில் மல்பெரிக் கட்டுரையை டிக் செய்து நீக்குங்கள். அப்புறம் கணக்கின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) கட்டுரைகளைத் தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லாவிட்டால் திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

காவேரிப்பட்டணம் குமார்:
ஆர்க்கிட் (ORCID) எனும் ஆய்வாளர் அடையாள எண் இருக்கிறதா? 16 இலக்கம், இலவசம். இனி அனுப்பும் கட்டுரை எல்லாவற்றிலும் அதைப் போட்டால் பெயர் எப்படி இருந்தாலும் ஆள் மாறாது.

அரூர் மருத்துவர்:
தங்கச்சி, 31 மேற்கோள் பெற்ற கட்டுரை எதைப் பற்றியது?

பாலக்கோடு மாணவி:
கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்ப்பதைவிடக் கால் கட்டைவிரலில் பார்ப்பது சரியா என்பது பற்றி, சார்.

அரூர் மருத்துவர்:
அப்படியானால் விண்ணப்பத்தில் அதற்கு இரண்டு வரி ஒதுக்கச் சொல்லுங்கள். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.9 அல்லது அதற்குக் கீழே வருவது அடைப்பைக் காட்டும். ஆனால் பல ஆண்டு சர்க்கரை இருப்பவருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, அழுத்தம் பார்க்கும் பட்டையால் நசுக்க முடியாதபடி இறுகிவிடும். எண் 1.4ஐத் தாண்டும், சில நேரம் இயல்பாகவே தெரியும். உள்ளே ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலும் அது தெரியாது. விரல் தமனியில் இந்தப் படிவு குறைவு, அதனால் அங்கே அளப்பது நம்பகமானது. இங்கே காலை இழந்துவிட்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். இந்த வேலையின் மதிப்பு 31 என்ற எண்ணில் தெரியாது.

எங்கள் துறையிலேயே பாருங்கள். 1990இல் புவெனஸ் ஐரிஸில் பரோடி என்ற அறுவை மருத்துவர், வயிற்றைத் திறக்காமல் தொடைத் தமனி வழியாகப் பெருந்தமனி வீக்கத்துக்கு உறைக்குழாய் (ஸ்டென்ட் கிராஃப்ட்) வைத்தார். 1991இல் வந்த அந்தக் கட்டுரை அறுவை முறையையே மாற்றியது. எத்தனை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும், எச் கணக்கில் அது ஒரே ஒரு கட்டுரைதான்.

ஓசூர் நூலகர்:
சார் சொல்வது சரி. எண்ணையும் விடாதீர்கள், எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஸ்காலர், ஆய்வேடு, மாநாட்டுத் தாள் எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டும். சுத்தம் செய்த பிறகும் இரண்டும் ஒன்றாகாது. அதைப் பிழை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

பாலக்கோடு மாணவி:
மிக்க நன்றி. மல்பெரி ஆசிரியரின் கட்டுரைகள் மூன்று இருந்தன; நீக்கியதும் ஸ்காலரில் 171, எச் 9. ஸ்கோபஸ் பக்கங்கள் இன்று காலை இணைந்துவிட்டன: 14 கட்டுரை, 113, எச் 7. இரண்டையும் தேதியோடு எழுதிவிட்டேன். அரூர் சார் சொன்ன இரண்டு வரிகளைச் சித்தப்பாவே உட்கார்ந்து எழுதுகிறார்.