எஃப்டிஓ மரபணு: 90 பெண்களில் ஒரு ஏஏ கூட இல்லை. எங்கே தவறு?

வணக்கம். கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் 90 பேரின் ரத்த மாதிரி, ஊட்டியில் ஒரு சின்ன லேப். உடல் எடையோடு தொடர்புடைய எஃப்டிஓ மரபணுவின் ஆர்எஸ்9939609 இடத்தைப் பார்க்கிறோம். அந்த இடத்தில் டிஎன்ஏ எழுத்து ஏ அல்லது டி. ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி, ஆக ஏஏ, ஏடி, டிடி என மூன்று வகை. முறை பிசிஆர் (டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்குவது), பிறகு டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் ஸ்கா-1 நொதியால் வெட்டு. 182 பிபி (எழுத்து இணைகள், அதாவது நீளம்) துண்டு. டி வடிவம் வெட்டுப்படாது. ஏ வடிவம் இருந்தால் 154, 28 ஆக வெட்டுப்படும். 28 ஜெல்லில் (துண்டுகளை நீளப்படி பிரித்துப் பட்டையாகக் காட்டும் கூழ்) தெரிவதில்லை, விடுங்கள்.

வந்தது: டிடி 38, ஏடி 52, ஏஏ பூஜ்யம். ஏ, டி எத்தனை என்பதிலிருந்து மூன்று வகையிலும் எத்தனை பேர் என்று மதிப்பிடும் ஹார்டி-வெயின்பெர்க் கணக்குப்படி 7 ஏஏவாவது இருக்கணும். ஏடி என்று எழுதிய சில லேன்களில் (ஜெல்லில் ஒரு மாதிரி ஓடும் பாதை) 154 பட்டை பளிச்சென்று, மேலே 182 வெறும் நிழல். இவை அரைகுறையாக வெட்டிய ஏஏ என்றே சந்தேகம்.

செய்து பார்த்தவை: நொதி 5 யூனிட்டிலிருந்து 10, 37 டிகிரியில் 4 மணி நேரம், பிறகு இரவு முழுக்க (மழையில் கரண்ட் போனால் இன்குபேட்டரும் குளிர்ந்துவிடும், அதனால் பகலிலும் ஒருமுறை). ஜெல் 3.5 சதவீத அகரோஸ். ஸ்கா-1 ஒரே இடத்தில் வெட்டும் பியுசி19 பிளாஸ்மிடை (வட்ட டிஎன்ஏ) தனியாக வெட்டினால் முழுசாக நேர்கோட்டு வடிவமாகிறது, ஆக நொதி நன்றாகத்தான் இருக்கிறது. நொதியோடு சேர்ந்து வரும் கிளிசரால் 5 சதவீதம் தாண்டினால் கண்ட இடத்தில் வெட்டும் என்பதால் நொதியை இதற்கு மேல் கூட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான ஏஏ டிஎன்ஏ கைவசம் இல்லை.

இதுவரை பிசிஆர் கலவை 10 மைக்ரோலிட்டரை அப்படியே 20 மைக்ரோலிட்டர் வெட்டுக் கலவையில் போடுகிறோம். பிசிஆர் கலவையில் இருப்பதே வெட்டைத் தடுக்கிறதோ என்று சந்தேகம். சுத்தம் செய்யாமலே ஏஏ முழுசாக வெட்டுப்பட்டவர்கள் எந்த விகிதத்தில் கலந்தீர்கள்?