கோடிக்கணக்கில் கொட்டியும் படுத்த கேம்கள்: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

பாளையங்கோட்டையில இருந்து:

சமாதானபுரம் பக்கம், காசு குடுத்து வீடியோ கேம் ஆடுற பிஎஸ்5 (சோனியோட கேம் மெஷின்) சென்டர் வச்சிருக்கேன். 2024 ஆகஸ்ட் 23-ல சோனியோட ‘கான்கார்ட்’ங்கிற, ஆன்லைன்ல அணி பிரிஞ்சு சுடுற கேம் வந்ததும் வாங்கிப் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பயலுவ சுத்தி நின்னானுவ. ஒருத்தன் ஆளைத் தேர்வு பண்ற இடத்துல 16 பேரையும் புரட்டிப் பார்த்துட்டு, “யாருண்ணே இவங்கல்லாம்?”னான். ஒரு மேட்ச் ஆடிட்டு கன்ட்ரோலரை வச்சிட்டான்.

“ஏம்ல, நல்லா இல்லையா?”

“சுடுறது நல்லாத்தாண்ணே இருக்கு. எங்க செட்டு பூரா வாலரன்ட்லல்லா கெடக்கு.”

விஷயமே அதுதான்னு நினைக்கேன். வாலரன்ட், ஓவர்வாட்ச் 2 ரெண்டும் இதே மாதிரி சுடுற கேம்தான், ஆனா இலவசம். அதுல வருஷக்கணக்கா பழகி, கூட்டாளிகளும் அங்கயே இருக்கும்போது, 40 டாலர் குடுத்து எவன் இடம் மாறுவான்? கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல கான்கார்டை ஒரே நேரத்துல 700 பேர்கூட ஆடல. செப்டம்பர் 6-ல சர்வரை மூடி, காசைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அக்டோபர்ல அதை எடுத்த ஃபயர்வாக் ஸ்டுடியோவையே மூடுறதா அறிவிச்சாங்க. வருஷக்கணக்கா அதுல உழைச்சவங்களை நினைச்சா மனசு ஆறல.

விலை மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். அதே வருஷம், அதே சோனி, அதே 40 டாலருக்கு வந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ 12 வாரத்துல 1.2 கோடி வித்துச்சு. நாலு பேரு சேர்ந்து கூச்சல் போட்டு ஆடுற அந்த ரகளை வேற எங்க கிடைச்சுது?

தென்காசியில இருந்து:

அண்ணாச்சி சொல்றது சரிதான். எனக்கு வலிச்சது ‘சூசைட் ஸ்குவாட்’ கேம். பேட்மேன் ஆர்க்கம் கேம்களை எடுத்த ராக்ஸ்டெடி! ஒத்தையா உக்காந்து கதைக்குள்ள முங்க வைக்கிறதுல கெட்டிக்காரங்க. அவங்க கையில, ஆன்லைன்ல சேர்ந்து ஆடி துப்பாக்கி சேர்க்கிற கேமைப் பார்த்தேன். மாடியில நின்னு சுடு, அடுத்த மாடிக்குப் போ, திரும்பச் சுடு. அதை வெளியிட்ட வார்னர் கம்பெனி கணக்குல 20 கோடி டாலர் அடி. அந்த மாதிரி கேம்ல ஆளு வந்துக்கிட்டே இருந்தாத்தான் வருமானம். கதைக்காக வந்தவன் எதுக்கு தினமும் வரணும்?

அம்பாசமுத்திரத்துல இருந்து:

ரத்தக்காட்டேரிகளைச் சுடுற ‘ரெட்ஃபால்’ கேம் 2023 மே மாசம் வந்தப்போ ஆடுனேன். எதிரி சுவத்தைப் பார்த்து நிக்கான், நான் பக்கத்துல போனாலும் திரும்பல. ஆறப்போட்டு விட்டிருக்கலாம். பின்னால சரி பண்ணாங்க, ஆனா அதுக்குள்ள ஆளு போயாச்சு. அடுத்த வருஷம் மே மாசமே அதை எடுத்த ஆர்க்கேன் ஆஸ்டின் ஸ்டுடியோவை மூடுறதா சொல்லிட்டாங்க.

அண்ணாச்சி, இப்போ உங்க சென்டர்ல எதுக்குக் கூட்டம்?

பாளையங்கோட்டையில இருந்து:

ஃபிஃபாவும், 2013-ல வந்த ஜிடிஏ 5-ம்தான் தம்பி.