ஓவர்வன்: நோர்வே வீட்டுக் காப்புறுதிக்கு ஒரு கலைச்சொல்

அன்பின் குழுவினருக்கு,

நோர்வேயில் வீடு வாங்கும் தமிழருக்கான காப்புறுதிக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘ஓவர்வன்’ மட்டும் இழுபடுகிறது. மழையோ உருகிய பனியோ நிலத்துக்குள் இறங்காமல் கூரை, முற்றம், தெரு வழியே ஓடினால் அந்த நீருக்கு அங்கே இதுதான் பெயர். ‘வெள்ளம்’ என்று எழுதிவிட்டுப் போக முடியாது. காசு யார் தருவது என்பது இந்த இடத்தில்தான் பிரிகிறது.

1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, தீக்காப்புறுதி உள்ள வீட்டுக்கு இயற்கைச் சேதக் காப்புறுதி தானாகவே சேர்ந்துவிடும். மண்சரிவு, புயல், வெள்ளம், புயலால் கடல் ஏறுதல், நிலநடுக்கம், எரிமலை எல்லாம் சட்டத்தின் பட்டியலில் உண்டு, மழைப்பொழிவு இல்லை. கட்டணம் தீக்காப்புறுதித் தொகையின் மேல் ஒரே விகிதம். ஆற்றங்கரை வீட்டுக்கும் மேட்டு வீட்டுக்கும் வேறுபாடில்லை. இழப்பை நிறுவனங்கள் 1980இல் தொடங்கிய பொதுத்தொகுதி ஊடாகத் தங்கள் சந்தைப் பங்குக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்கின்றன.

ஆறு கரைமீறி வீட்டுக்குள் வந்தால் இந்த ஏற்பாடு. தெருநீர் நிலக்கீழ் அறையின் யன்னலால் இறங்கினால் பொதுவாக இது பொருந்தாது. சாதாரண வீட்டுக் காப்புறுதியும் அதன் நிபந்தனைகளும்தான். 2023 ஆகஸ்டில் ‘ஹன்ஸ்’ என்ற புயல்மழை வந்தபோது இரண்டு வகைச் சேதமும் சேர்ந்தே நடந்தன. எனவே ‘வெள்ளம்’ என்று எழுதினால், படிப்பவர் தவறான நிபந்தனையை நம்பி இருந்துவிடுவார்.

கையில் உள்ளவை: மேற்பரப்பு நீர், மழைநீர், மழைவெள்ளம். எனக்கு மூன்றாவது பிடிக்கிறது.

*

> எனக்கு மூன்றாவது பிடிக்கிறது

மூன்றுமே சரிவராது, ஐயா. ‘மேற்பரப்பு நீர்’ நீரியலில் ஏற்கெனவே குடியேறிய சொல். ஆறு, ஏரி, குளம் எல்லாம் அதற்குள் வரும். எதிர்ச்சொல் நிலத்தடி நீர். ‘மழைநீர்’ என்றால் பனி விடுபட்டுப்போகும். நோர்வேயில் இது சிறிய விடுபடல் அல்ல. குளிர்காலக் கடைசியில் தரை இன்னும் உறைந்து கிடக்கும்போது மேலே பனி உருகும். உறைந்த மண்ணில் நீர் இறங்காது என்பதால், புல்வெளிகூடத் தார்ச்சாலை மாதிரி நீரைத் தள்ளிவிடும். ஒரு துளி மழை இல்லாமலே நிலத்தடி அறை நனையும். ‘மழைவெள்ளம்’ இரண்டு குறையையும் ஒருசேரச் சுமக்கிறது: மழை என்கிறது, வெள்ளம் என்கிறது.

‘மேலோடுநீர்’ என்று வைக்கலாமா? மேலே ஓடும் நீர், வினைத்தொகை.

*

வினைத்தொகை என்று நீங்கள் சொன்னபிறகு தெரிகிறது. முதலில் கண்ணில் பட்டது புவியியல் பாடப்புத்தகத்தின் ‘மேலோடு’தான். பாறையடுக்கில் ஊறும் நீர் என்று படிப்பார்கள். ‘தரையோடுநீர்’ என்று மாற்றினாலும் தப்பில்லை என்று நினைக்கவேண்டாம். அங்கே ‘ஓடு’ மூன்றாம் வேற்றுமை உருபாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓடு என்ற பகுதியையே விட்டுவிடுவது நல்லது.

என் பரிந்துரை ‘வடியாநீர்’. வடிகால் எல்லாருக்கும் தெரியும், வடியாதது இது.

*

வடியாநீர் காதுக்கு நன்றாக இருக்கிறது, பொருளில் இடறுகிறது. நகரங்களில் ஓவர்வன் பற்றி நோர்வே அரசின் ஆய்வுக்குழு 2015இல் அறிக்கை தந்தது. அங்கே நடைமுறையில் உள்ள மூன்று படி உத்தியைப் பாருங்கள். சிறு மழையை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குவது முதற்படி: புல்தரை, மழைநீரை உறிஞ்சும் மழைத்தோட்டம், செடி வளர்த்த பசுங்கூரை. நடுத்தர மழையைக் குட்டையிலோ தொட்டியிலோ தடுத்து மெல்ல விடுவது இரண்டாவது. பெருமழைக்கு, வீடுகளைத் தொடாமல் ஆற்றுக்கோ கடலுக்கோ போகும்படி தரைமேல் ஒரு பாதையைத் திறந்து வைப்பது மூன்றாவது. முதற்படியில் நீர் ஒழுங்காக வடிகிறது. அப்போதும் அதன் பெயர் ஓவர்வன்தான். ‘வடியாநீர்’ சேதத்தை மட்டுமே சொல்கிறது.

இன்னொன்று. கழிவுநீரும் தெருநீரும் ஒரே குழாயில் போகும் பழைய பகுதிகளில் குழாய் நிரம்பியதும் நீர் பின்னோக்கி ஏறி, நிலத்தடி அறையின் தரைத்துளை வழியே பொங்கும். வீட்டுக் காப்பீடு முதலில் பணம் கொடுக்கும். பிறகு நிறுவனம் நகராட்சியிடம் அதைத் திருப்பிக் கேட்கும். குழாயின் கொள்ளளவோ பராமரிப்போ போதாமல் சேதம் வந்தால், தவறு இருந்ததா என்று பார்க்காமலே குழாய் உரிமையாளர் பொறுப்பு என்கிறது மாசுச் சட்டத்தின் 24அ பிரிவு. வீட்டுக்காரரின் பக்கத்திலும் கணக்கு உண்டு: மிகத் தாழ்ந்த தரைத்துளையின் நீர்மட்டம், பிரதான குழாயின் உட்புற உச்சியிலிருந்து குறைந்தது 900 மி.மீ. உயரத்தில் இருக்கவேண்டும் என்பது நகராட்சிகளின் வழக்கமான நிபந்தனை. அதற்குக் கீழே இருந்தால் வாதம் வீட்டுக்காரருக்கு எதிராகத் திரும்பும். ஆகவே இந்தப் பின்னேற்றத்துக்குத் தனிச்சொல் வேண்டும். ஓவர்வன்னுக்குள் அதைத் திணிக்கவேண்டாம்.

சொல்லுக்கு: ‘மேல்வழிநீர்’. மேலே வழியும் நீர் என்று பிரித்தாலும், மேல்வழியாகப் போகும் நீர் என்று பிரித்தாலும் பொருள் கெடவில்லை.

*

மேல்வழிநீர் எனக்குச் சரி. கலிங்கு மேல் வழியும் உபரிநீரை நினைப்பவர்கள் இருப்பார்கள். விளக்கம் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் பெரிய தொல்லையில்லை.

ஆனால் பட்டியலின் அடுத்த வரியில் டேனிஷ் ‘ஸ்கீப்ருட்’டுக்கு ‘மேகவெடிப்பு’ என்று இருக்கிறது. இது ‘மழைவெள்ளம்’ என்பதைவிடப் பெரிய பிழை. இந்திய வானிலைத் துறை மேகவெடிப்பு என்பது ஒரு மணி நேரத்தில் 100 மி.மீ. மழைக்கு. டென்மார்க்கின் வானிலை நிறுவனம் 30 நிமிடத்தில் 15 மி.மீ. தாண்டினாலே ஸ்கீப்ருட் என்கிறது. சுவீடனில் இணையான ‘ஷீஃபல்’லுக்கு ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. அல்லது ஒரு நிமிடத்தில் 1 மி.மீ. பின்லாந்தின் காப்பீட்டாளர்கள் வழக்கமாக வைத்திருப்பது மணிக்கு 30 மி.மீ. அல்லது நாளுக்கு 75 மி.மீ. கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று கொட்டியதை மேகவெடிப்பு என்றால் ஒப்புக்கொள்ளலாம், 16 மி.மீ. மழையை அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ‘கொட்டுமழை’ என்று வைத்து, நாட்டையும் அளவையும் கூடவே எழுதுங்கள். அளவில்லாமல் இந்தச் சொல் காப்பீட்டில் செல்லாது.

*

நன்றி. கையேட்டுக்கு இப்படி எழுதுகிறேன்:

மேல்வழிநீர்: மழை அல்லது பனியுருகலால் தரை, கூரை, தெரு மேலாக ஓடும் நீர். ஆறு, ஓடை பெருகி வருவது இதில் சேராது, அது வெள்ளம்.

பின்னேற்றம்: நிரம்பிய கழிவுக்குழாயிலிருந்து நீர் வீட்டுக்குள் திரும்பி ஏறுதல். தடுக்க ஒருவழி அடைப்பிதழ் (வால்வு). அதைத் துப்புரவாக வைத்திருக்காவிட்டால் குப்பை சிக்கித் திறந்தே நிற்கும்.

கொட்டுமழை: நாட்டுக்கு நாடு அளவு வேறு, அட்டவணை தனியே.

‘மழைவெள்ளம்’ பேச்சில் தொடரட்டும். சேத அறிவித்தல் படிவத்தில் மட்டும் அதை எழுதவேண்டாம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். நீர் எந்தப் பக்கத்தால், எதன் ஊடாக உள்ளே வந்தது என்பதைப் படத்தோடு எழுதச் சொல்கிறேன்.