சிறகுள்ள உருவம் பொறித்த பிரெஞ்சுப் பொற்காசு: 1793ஆம் ஆண்டுக் காசுதானா?

வடக்குப்புறநகர்:
வணக்கம். பாரிசுக்கு அருகே வசிக்கிறேன். எங்கள் எதிர்வீட்டு மூதாட்டி ஒரு பதக்கத்தைக் காட்டினார். உள்ளே பொற்காசு, பின்பக்கம் தகடு வைத்து மூடியிருக்கிறது. தெரிகிற பக்கத்தில் சிறகுள்ள இளைஞன் ஒருவன் நின்றபடி பலகையில் எழுதுகிறான். அருகே சேவல். சுற்றிலும் 'ரெப்புப்ளிக் பிரான்சேஸ்', அதாவது பிரெஞ்சுக் குடியரசு என்ற எழுத்து. புரட்சிக் காலத்து 24 லிவ்ர் (பிராங்குக்கு முந்தைய பிரெஞ்சுப் பண அலகு) காசு, மிக அரியது என்று அவருடைய மருமகன் சொன்னாராம். இரண்டாயிரம் யூரோ கேட்கிறார். வாங்கலாமா?

செல்லாக்காசு:
பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

அந்த உருவத்தைச் செதுக்கியவர் ஒகுஸ்தேன் துப்ரே. சிறகுள்ளவன் எழுதுவது அரசியலமைப்புச் சட்டத்தை. முதலில் 1791இல் மன்னர் பதினாறாம் லூயியின் தலைக்குப் பின்பக்கம் அது வந்தது. அதற்கு முன் 'பிரான்சுக்கும் நவாருக்கும் அரசர்' என்றிருந்தவர் அந்தக் காசில் 'பிரெஞ்சு மக்களின் அரசர்' ஆகிவிட்டார். காசு எழுத்தில் இதைவிடப் பெரிய இறக்கத்தை நான் பார்த்ததில்லை. 1793 ஜனவரி 21இல் தலையே போனது. பிறகு வந்த 24 லிவ்ர் காசில் மன்னர் இல்லை. சிறகன் மட்டும் நின்றான்.

ஆனால் அந்தக் காசில் சிறகனைச் சுற்றி இருப்பது 'ரேஞ் த லா லுவா', அதாவது சட்டத்தின் ஆட்சி. குடியரசின் பெயர் மறுபக்கத்தில், இலைவளையத்தைச் சுற்றி வரும். உங்கள் மூதாட்டியின் காசில் சிறகன் பக்கத்திலேயே குடியரசு இருக்கிறது. இதே உருவத்தைப் பிற்காலத்தில் 20 பிராங்க் காசுக்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். 1871 முதல் 1898 வரை ஏராளமாக அடித்தார்கள்.

பதக்கத்தைப் பிரித்து நிறுத்துப் பாருங்கள். 24 லிவ்ர் என்றால் ஏறக்குறைய 7.6 கிராம், 22 காரட். 20 பிராங்க் என்றால் 6.45 கிராம், குறுக்களவு 21 மில்லிமீட்டர்.

கீழைக்காற்று:
புரட்சிக் காலத்துப் பொற்காசு ஏன் அவ்வளவு அரிது ஐயா? அரண்மனையையும் திருச்சபையையும் கைப்பற்றியவர்களிடம் பொன்னுக்கா பஞ்சம்?

செல்லாக்காசு:
பொன் இருந்தது, வெளியே வரவில்லை. அசிஞா என்ற காகிதப் பணம் அச்சடிக்க அச்சடிக்க மதிப்பிழந்தது. தங்கம் வைத்திருந்தவன் அதைப் புதைத்தானே தவிரக் கடையில் நீட்டவில்லை. 1793 ஏப்ரலில் காசைக் காகிதத்துக்கு விற்பதையே தடைசெய்தார்கள். தடை வந்ததும் இன்னும் ஆழமாகப் புதைத்தார்கள். 1795இல் பிராங்க் பிறந்தபோது சட்டத்தில் பொற்காசும் இருந்தது, அடிக்கத்தான் இல்லை. நெப்போலியன் போனபார்ட்டின் தலை பொறித்த 20 பிராங்க் 1803இல்தான் வந்தது.

கீழைக்காற்று:
அந்தச் சிறகன்தான் துப்ரேயைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் பொறியிலிருந்து காப்பாற்றினான் என்கிறார்களே?

செல்லாக்காசு:
விற்பவர்கள் சொல்லும் கதை அது. கதைக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

வடக்குப்புறநகர்:
இன்று பொற்கொல்லரிடம் மூதாட்டியையும் அழைத்துச் சென்றேன். தகட்டை நீக்கினார். 20 பிராங்க், 1876, பாரிஸ் நாணயச்சாலையின் 'ஏ' எழுத்து. எடை 6.43. மூதாட்டி வருந்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மருமகனிடம் சொல்லிவிடாதே, அவன் அதை நம்பித்தான் ஞாயிறுதோறும் வருகிறான்" என்றார்.