புதுப்பிப்பு: தைபேயில் சீன மொழி படித்தபின் கிடைத்த வேலை

பி.காம் முடித்துவிட்டு ஓராண்டு சீன மொழி படிக்க பெய்ஜிங்கா, தைபேயா, படித்தால் வேலை கிடைக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தைவான் அரசின் ஹுவாயு உதவித்தொகை கிடைத்ததால் தைபே போனேன். வாரம் 15 மணி நேர வகுப்பு கட்டாயம். வீட்டுப்பாடம் அதைவிட அதிகம்.

"மொழிபெயர்ப்பாளர் வேலை மட்டும் தேடாதே, கணக்குப் படிப்போடு சேர்த்துக் காட்டு" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். பலித்தது அதுதான். செய்யாறு பக்கம் தைவான்காரர்களின் காலணித் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். நேர்காணலில் சான்றிதழைப் புரட்டக்கூட இல்லை. ஒரு பில்லை நீட்டி வாசிக்கச் சொன்னார்கள். தைவானின் மரபெழுத்தோடு, சீனாவில் வழங்கும் எளிய சீன எழுத்தையும் பழகச் சொன்ன அக்கா சொன்னதும் சரி. மேலாளர்கள் மரபெழுத்தில் எழுதுகிறார்கள், சீனாவிலிருந்து சரக்கு அனுப்புகிறவர்கள் எளிய எழுத்தில்.

எதிர்பாராதது பண்பாட்டு வகுப்பு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த, காலி நகரில் கிடைத்த கல்வெட்டைப் பற்றிப் பாடம். 1409ஆம் ஆண்டுக் கல். சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவான தேனவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. தமிழ்ப் பகுதியை விளக்கும் பொறுப்பு என் தலையில். அதிலிருந்து பிடித்த ஆர்வம் விடவில்லை. வேலையோடு கடல்வணிக வரலாற்றில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். அப்பாவுக்கு இதில் வருத்தம், அது தனிக்கதை.

அப்புறம், பெய்ஜிங் யோசிப்பவர்கள் கவனிக்க: சீனப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். சீக்கிரமே எழுதி வைக்காதீர்கள்.